ஒரு சாண் ஊற்று

ஐம்பத்தேழாம் வருஷம் சித்திரை மாதக் கடைசியில் நானும் என் கணவரும் ராமேசுவரம் போயிருந்தோம். அப்போது எங்களுக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு, வடக்கே கொள்ளிடக் கரையை ஒட்டிய தெரு. அவருக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. வருஷா வருஷம் கிடைக்கிற ரயில் பாஸை எங்கேயும் போகாமலே வீணாக்கிக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் பட்டறையில் அவரோடு வேலை செய்த ஒருவர், "எங்க அக்கா அங்கதான் இருக்கு. சத்திரம் எல்லாம் தேடாதீங்க. நான் கடுதாசி போட்டுடறேன், நேரா போய் இறங்குங்க" என்று சொல்லிச் சொல்லியே எங்களைக் கிளப்பிவிட்டார்.

எனக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பிறந்தது உப்பிலியபுரம் பக்கம் ஒரு கிராமம், வாழ்க்கைப்பட்டது கொள்ளிடக் கரை. எட்டாவது வரை படித்திருக்கிறேன். ஆனால் புது மனிதர்களிடம் வாயைத் திறந்து பேசுவது மட்டும் என்னால் முடியாது. ரயிலில் யாரோ ஒருவர் தம் டிரங்குப் பெட்டியை என் முந்தானைமேல் வைத்துவிட்டார். எடுக்கச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு மானாமதுரை வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். விடிந்த பிறகு என் கணவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். வண்டி பாம்பன் பாலத்தில் மெதுவாகப் போனபோது இரண்டு பக்கமும் தண்ணீர். முதலில் எனக்குத் தோன்றியது, இவ்வளவு தண்ணீரா என்பதல்ல. இதில் ஒரு வாய்கூடக் குடிக்க முடியாதாமே என்பதுதான்.

கோயிலும் கடைத்தெருவும் சத்திரங்களும் இருக்கிற ஊருக்கு நடுவே அந்த அம்மாள் வீடு இல்லை. ஊரைத் தாண்டிக் கடலோரமாக முக்கால் மணி நேரம் மணலில் நடக்க வேண்டியிருந்தது. ஆற்று மணலில் நடந்து பழகிய கால்தானே என்று நினைத்தேன். அது வேறு மணல். மாவு மாதிரி காலைக் கீழே இழுத்தது. வழியெல்லாம் மணல்மேடுகள். சில மேடுகள் எங்கள் தெரு வீடுகளைவிட உயரம். காற்று அடிக்கும்போது உச்சியிலிருந்து மணல் புகை மாதிரி கிளம்பும். ஓரிடத்தில் பழைய ஓலைக் குடிசை ஒன்று கூரை மட்டும் தெரிய மணலுக்குள் இருந்தது. நல்ல வெயில். எங்கே பார்த்தாலும் கண் கூசியது.

மேடுகளுக்குப் பின்னால் நாலைந்து ஓலை வீடுகள். அதில் பக்கத்துப் பக்கத்து வீடு இரண்டில் அண்ணனும் தம்பியும் குடியிருந்தார்கள். ஒரே படகில் கடலுக்குப் போகிறவர்கள். அண்ணன் மனைவிதான் எங்கள் பட்டறைக்காரரின் அக்கா. என் வயதுதான் இருக்கும், உரத்த குரல். தம்பி மனைவி, அதாவது அவளுடைய ஓரகத்தி, இருபத்திரண்டு வயதுப் பெண். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்.

பெரியவள் என்னைப் பார்த்ததும், "வாங்க மதினி! தம்பி எழுதியிருந்தான், மதினி பேசவே மாட்டாங்க, நீயும் சேர்த்துப் பேசிக்கன்னு" என்றாள். நான் சிரித்துவைத்தேன். கோயிலுக்கு வந்தவர்கள் என்று எங்களுக்காக இரண்டு நாளும் அடுப்பில் மீன் ஏற்றவில்லை. என்னை ஒரு வேலையும் தொட விடவில்லை. எனக்கு உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கம் இல்லை. "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கவும் வாய் வரவில்லை. சும்மா இருப்பது எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

அன்று சாயங்காலம் தண்ணீர் எடுக்க அவளோடு போனேன். வீட்டுக்குப் பின்னால், இரண்டு மேடுகளுக்கு நடுவில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சின்னப் பள்ளம். பள்ளம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு சாண் ஆழம்தான். அதில் உள்ளங்கை நனைகிற அளவு தண்ணீர். ஒரு குச்சியில் சொருகிய கொட்டாங்கச்சியால், அவர்கள் அதைச் சிரட்டை என்றார்கள், அவள் மேலாக வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றினாள். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆயிற்று. குடித்துப் பார்த்தேன். இளநீர் மாதிரி இருந்தது.

அந்த இரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான் ஊற்று. அன்றைக்கு அதில் தண்ணீர் கிடைக்காவிட்டால் ஊருக்குள் கோயில் பக்கம் போய்த்தான் எடுத்துவர வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கோடையில் கொள்ளிடத்தில் வெறும் மணல்தான் கிடக்கும். நாங்கள் பெண்கள் விடிகாலையில் குடத்தோடு இறங்கி மணலைத் தோண்டி ஊற்றெடுப்போம். தண்ணீர் கலங்கலாக வந்தால் இன்னும் ஆழமாகத் தோண்டுவோம். சொம்பால் மூன்று தடவை முழுக்க இறைத்துக் கொட்டினால் நாலாவது தடவை கண்ணாடி மாதிரி ஊறும். சுற்றிலும் மண் சரியாமல் ஈர மணலால் ஒரு கரை கட்டித் தட்டிவிடுவோம். எங்கள் தெருவில் என் ஊற்று என்றால் ஒரு பெயர் உண்டு. வேறு எதிலும் எனக்குக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. அதில் உண்டு.

ஆகவே அந்த ஒரு சாண் பள்ளத்தைப் பார்த்து, பாவம், இவர்களுக்கு ஊற்றுத் தோண்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியும்போது பெரியவள் படகை அனுப்பக் கடற்கரைக்குப் போய்விட்டாள். நான் என் பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு தனியாக ஊற்றுக்குப் போனேன். தோள் வரை கை உள்ளே போகிற அளவுக்குத் தோண்டினேன். மூன்று தடவை இறைத்துக் கொட்டினேன். அழகாகக் கரை கட்டினேன். தண்ணீர் குபுகுபுவென்று ஊறி முழங்கை ஆழத்துக்கு நின்றது. ஒரு வாய் குடித்தேன், இனிப்பாகவே இருந்தது. யாரிடமும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். அவர்களே பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று எண்ணம். உதவி செய்துவிட்டுச் சொல்லாமல் இருப்பது என் கூச்சத்துக்கும் வசதியாக இருந்தது.

பிறகு நாங்கள் கோயிலுக்குப் போனோம். தீர்த்தங்களில் குளித்து, தரிசனம் செய்தோம். ஈரப் புடவை வெயிலில் உடம்போடு உலர்ந்தது. கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். அலை பெரிதாக இல்லை. கரையருகே பச்சையாகவும் தள்ளி நீலமாகவும் இருந்தது. அப்போது என் கணவரிடம் ஊற்று விஷயத்தைச் சொன்னேன். "எங்க போனாலும் கொள்ளிடத்துக்காரி புத்தி போகாது" என்று கேலி செய்தார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேட்டில் ஏறும்போதே சத்தம் கேட்டது.

பெரியவள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் காலுக்குப் பக்கத்தில் சோற்றுப் பானை கவிழ்ந்து கிடந்தது, காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. ஓரகத்தி தன் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விஷயம் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. பெரியவள் பத்து மணிக்குக் கடற்கரையிலிருந்து வந்து தண்ணீர் எடுத்து உலை வைத்திருக்கிறாள். சோறு வாயில் வைக்க முடியாத உப்பு. ஓடிப்போய் ஊற்றைப் பார்த்தால் ஊற்றே உப்பு.

அங்கே ஒரு சாணுக்கு மேல் தோண்டினால் நல்ல தண்ணீரோடு கீழே இருக்கிற கடல் தண்ணீர் கலந்துவிடுமாம். உப்புக் கண் திறந்துவிடும் என்பார்கள். இது அங்கே பேசத் தொடங்கின குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்திருந்தும் ஒருவர் தோண்டினார் என்றால் வேண்டுமென்றே செய்ததாகத்தானே அர்த்தம்? முந்தின வாரம்தான் இரண்டு பேருக்கும் அந்த ஊற்றில் யார் முதலில் எடுப்பது என்று சண்டை நடந்திருக்கிறது. அதைவிட மோசம், நான் போன பிறகு சின்னவள் போய், தண்ணீர் நிறைய நிற்பதைப் பார்த்து, இரண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். அப்போது இன்னும் உப்பு ஏறவில்லை.

"உன் வீட்டுத் தண்ணி கற்கண்டு, என் வீட்டுத் தண்ணி கருவாடு ஊறின தண்ணியா? எப்படிடி அது?" என்றாள் பெரியவள். "உனக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டு அப்புறம்தானே தோண்டிவிட்டே?"

"ஆமா, கடலை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்து ஊத்தினேன். போய்ப் பாருங்க, அங்க கடல் குறைஞ்சிருக்கும்" என்றாள் சின்னவள். குரல் துடுக்காக இருந்தது. ஆனால் தூணை விடவில்லை.

"பேசுடி, பேசு. படகு வரட்டும். விருந்தாளி வந்த நேரத்துல தண்ணியில கை வச்சவளை வீட்டுல வச்சிருக்கணுமான்னு உன் புருஷனே சொல்லட்டும். நாளைக்கு நான் ஊத்தைச் சுத்தி முள்ளு போடறேன். நீ உங்க ஆத்தா வீட்டுல போய்க் குடி."

என் பக்கம் திரும்பியதும் அவள் முகம் மாறிவிட்டது. "மதினி, உள்ள போய் உக்காருங்க. வந்த இடத்துல உங்களுக்கு இப்படி ஒரு கண்காட்சி" என்றாள்.

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அதைத்தான் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.  என் கணவர் பின்னாலேயே வந்து தாழ்ந்த குரலில், "பேசாம இரு. காலையில வண்டி ஏறிடுவோம். இது தெரிஞ்சா பட்டறையில அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? அவங்களுக்குள்ள என்னிக்கும் இருக்கற சண்டைதானே" என்றார். அவர் மேல் தப்பில்லை. நான் அந்த வார்த்தையைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

ஓலைத் தட்டிக்கு வெளியே பேச்சு அடங்குவதும் கிளம்புவதுமாக இருந்தது. ஒரு சமயம் சின்னவள், "நான் தோண்டலை. எங்கப்பன் மேல சத்தியமா தோண்டலை" என்றாள். அப்போது துடுக்கு இல்லை. அதற்கும் பெரியவள் ஏதோ சொன்னாள். நான் தட்டியில் இருந்த ஒரு ஓட்டை வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு மேல் தூரத்தில் பாய்கள் தெரிந்தன. கொக்கு இறகு மாதிரி முதலில், அப்புறம் கைக்குட்டை மாதிரி. எது அவர்கள் படகு என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

சொம்பு என் பக்கத்தில்தான் இருந்தது. அதன் கழுத்துக்குள் காலையில் ஒட்டிய மணல் காய்ந்துபோய் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எழுந்தேன். என் கணவர் கையைக் காட்டித் தடுத்தார். நான் அவரைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

என் கையில் சொம்பைப் பார்த்ததும் பெரியவள், "தாகமா மதினி? இருங்க, அவ குடத்துலேருந்தாவது வாங்கித் தரேன்" என்றாள்.

"இல்லீங்க" என்றேன். "நான்தாங்க."

"என்ன நீங்கதான்?"

"காலையில... ஊத்து... நான்தாங்க தோண்டினேன்."

அவளுக்குக் காதில் விழவில்லை. என் குரல் அவ்வளவுதான் வந்தது. மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குத்தான் தெரியும், ஒரு விஷயத்தைத் தைரியம் செய்து ஒரு முறை சொல்வது வேறு, அதையே மூன்று முறை சொல்வது வேறு.

கடைசியில் புரிந்ததும் அவள் நம்பவில்லை. "சின்னப் பொண்ணுன்னு இரக்கப்பட்டு நீங்க ஏத்துக்கறீங்க. உங்க நல்ல மனசு மதினி. அவளுக்காக நீங்க ஏன் பொய் சொல்லணும்?" என்றாள். தப்பு செய்தவளுக்கு நல்ல பெயர் வேறு. நான் வாயால் சொல்வதை விட்டுவிட்டு ஊற்றை நோக்கி நடந்தேன். இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள்.

ஊற்றைச் சுற்றி நான் கட்டிய கரை அப்படியே இருந்தது. வட்டமாக, ஐந்து விரலும் பதிய, தட்டித் தட்டி. நான் குனிந்து என் கையை அந்த விரல் பதிவுமேல் வைத்தேன். "கொள்ளிடத்துல நாங்க இப்படித்தாங்க கட்டுவோம். ஆழமாத் தோண்டினா நல்ல தண்ணி வரும்னு நெனச்சேன்" என்றேன்.

பெரியவள் கரையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்வதற்குள் சின்னவள் சொன்னாள், "நானும் காலையிலேயே பாத்தேன். ஊத்துக்கு யாருடா கோயில் மதில் கட்டினதுன்னு."

"பாத்தவ சொல்றதுக்கென்னடி?" என்றாள் பெரியவள்.

"நீங்க சொல்ல விட்டீங்களா?"

பெரியவள் ஓரகத்தியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கடல் பக்கம் திரும்பி, "படகு வருது. போய்க் கூடையை எடு" என்று மட்டும் சொன்னாள். அதில் மத்தியானம் இருந்த காரம் இல்லை. என்னிடம், "ஊத்து கெட்டதுக்கு வருத்தப்படாதீங்க மதினி. மண்ணைப் போட்டு மூடிட்டு, தள்ளி ஒண்ணு தோண்டினா நாளைக்கு நல்ல தண்ணி" என்றாள். அவ்வளவு சுலபமான காரியம்தான் அது. அத்தனை சண்டையும் தண்ணீருக்காக இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சின்னவள் நன்றி சொல்வாள் என்று என் மனசு ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் என்னை நேராகப் பார்த்து, "ரெண்டு மணிக்கே வந்துட்டீங்க இல்ல திருச்சி அக்கா? அப்பவே சொல்லியிருக்கலாமே. எங்கப்பன் மேல சத்தியம் பண்ண வச்சுட்டீங்களே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. 

அதோடு விட்டுவிடாமல் அவளே ஒரு பதினைந்து அடி தள்ளிப் போய் மணலில் உட்கார்ந்து, "வாங்க, நீங்களே தோண்டுங்க" என்றாள். நான் இரண்டு கையாலும் தோண்டினேன். ஈரம் தட்டியது. விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. என் கை தானாக இன்னும் கீழே போனது. சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும். இதுக்குக் கீழ நம்ம தண்ணி இல்ல" என்றாள்.

அன்று சாயங்காலம் பெரியவள் வீட்டு வாசலில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருந்தது. சின்னவள் காலையில் எடுத்த இரண்டில் ஒன்று.  அதில்தான் எல்லோருக்கும் சமைத்தார்கள். படகிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவருக்கும் விஷயம் ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் போய்ச் சேர்ந்தது. தம்பிக்காரர் சாப்பிடும்போது சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. சின்னவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை வண்டியில் திரும்பினோம். வண்டி பாம்பன் பாலத்தைத் தாண்டியது. அப்புறம் என் கணவர், "நானே சொல்லியிருக்கணும்" என்றார். 

மூன்று மாதம் கழித்து அந்தப் பட்டறைக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர்கள் பக்கத்தில் இப்போது யாராவது எதிலாவது அளவுக்கு மேல் கையை விட்டால், "ஏய், என்ன, கொள்ளிடமா தோண்டுறே?" என்று கேட்கிறார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே போய் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் மொண்டேன். ஆடி வெள்ளம் வந்துவிட்டதால் குடத்தில் இருந்தது புதுத் தண்ணீர், செம்மண் கலங்கலாக இருந்தது.

ஐந்தாறு வருஷம் ஆகிறது. கோடையில் இன்றும் கொள்ளிடத்தில் ஊற்றுத் தோண்டுகிறேன். இங்கே ஆழம்தான் சரி, அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் தெருக் குழாயடியிலோ உறவு வீட்டிலோ செய்யாத தப்புக்கு ஒருத்தியை நிற்கவைத்துப் பேசும்போது, எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். இப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, இப்போதும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்பது வயது வரை என் கூச்சத்தை நான் ஒரு நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். அது யாருக்கும் தொந்தரவில்லாத குணம் இல்லை, அன்று இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை அந்தப் பெண் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் ஊற்று அல்ல, அதுதான் என்பது மட்டும் எனக்கு மறக்கவில்லை.